கருங்கோழியும் தினைக் கஞ்சியும்

என் வீட்டில் ஆறு அறைகள், ஒரே சமையலறை, ஆறு குக்கர்கள். பெய்ஜிங்கில் எங்கள் சந்துக்கு எதிரே நிற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்களின் வீட்டு ஆட்கள்தான் என் குடித்தனக்காரர்கள். வேறு யாரும் இங்கே தங்க மாட்டார்கள். விடிகிற நேரத்தில் ஆறு குக்கரும் ஒன்றாகச் சீறினால் எந்த மனிதனுக்குத் தூக்கம் வரும்?

சீறித்தான் ஆக வேண்டும். கிருமி புகாத கண்ணாடி அறைக்குள் போய்விட்ட நோயாளிக்கு ஒரு சின்னக் கிருமியைத் தாங்கவும் தெம்பு இருக்காது. வீட்டிலிருந்து போகிற ஒவ்வொரு வாய்ச் சோறும் குக்கரில் இரண்டு தடவை வெந்து, மூடி போட்ட டப்பாவில் சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும். அப்படி வெந்ததில் ருசி ஏது? இருந்தாலும் என் சமையலறையில் பெண்கள் அடுப்புக்கு அடித்துக்கொள்வார்கள், நான் சத்தம் போடுவேன். முகத்துக்கு நேரே என்னை ஃபாங் அக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

வந்து போனவர்கள் எத்தனையோ பேர். பாதிப் பேரின் முகம்கூட ஞாபகம் இல்லை. கெங் சூயுனை மட்டும் மறக்க முடியவில்லை.

சூயுன் தாத்தோங் பக்கத்து நிலக்கரி ஊர்க்காரி. சுரங்கத்துக் கேன்டீனில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கரண்டி பிடித்தவள். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். துக்கமோ சந்தோஷமோ, அதை வாயால் சொல்ல அவளுக்கு வராது. அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். கணவன் லூ சாங்லின் அதே சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். தைய்யுவானில் வேறொருத்தியோடு வாழப் போகிறேன் என்று அவன் சொன்ன சாயங்காலம் இவள் கறிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாளாம். கேட்டுக்கொண்டே மிச்ச மாவையும் பிடித்து முடித்து, வேகவைத்து, அவன் முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஊருக்குக் கிளம்புகிறவனுக்குக் கொழுக்கட்டை, வந்து இறங்குகிறவனுக்கு நூடுல்ஸ் என்பது எங்கள் வழக்கம். அவள் அதை நினைத்துச் செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

"மனசு கேக்காது, பாதித் தட்டாவது மிச்சம் வைப்பான்னு பாத்தேன் அக்கா," என்று என்னிடம் சொன்னாள். "ஒண்ணு விடாம தின்னுட்டு, வாயைத் தொடைச்சிக்கிட்டுப் போனான்."

அப்போது மகள் மிங்யானுக்குப் பதினொரு வயது. ஒரே பிள்ளை, அந்தக் காலத்தில் சட்டப்படி எல்லாருக்கும் ஒன்றுதானே. அன்றோடு அப்பா என்கிற சொல்லையே அந்தப் பெண் விட்டுவிட்டாள். சொல்ல நேர்ந்தால் "அந்த ஆளு" என்பாள். அவன் பிறந்தநாளுக்கு அனுப்புகிற செய்திகளுக்குப் பதில் போட மாட்டாள். சூயுனும் அதைத் திருத்தவில்லை. அவளுக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இருக்கட்டுமே, இல்லாமலா போகும்?

மிங்யான் வளர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் வேலைக்குப் போய், முதல் வருஷம் முடிவதற்குள் ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. வேகமாக ஏறுகிற வகை. இரண்டு சுற்று மருந்து ஏற்றியும் கெட்ட செல்கள் அடங்கவில்லை. டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள்.

"இது மருந்துக்கு மசியாத வகைம்மா. இதுக்கு மேல மருந்து மட்டும் குடுத்தா உங்க பொண்ணு உடம்புதான் தேயும். வேற ஒருத்தரோட எலும்புச்சாறுல இருக்கற ஸ்டெம் செல்லை ஏத்தணும். நோய் அடங்கின அப்புறம் ஏத்தறதுதான் நல்லது. இவளுக்கு அடங்கல, அப்படியே ஏத்தப்போறோம். பாதிக்குப் பாதின்னுகூட என்னால சொல்ல முடியாது."

மிங்யானுக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. முழுசாகப் பொருந்துகிற அந்நியர் எவரும் தேடிக் கிடைக்கவில்லை. முன்பு என்றால் அத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். இப்போது பாதி பொருந்தினாலும் போதும் என்று ஆகிவிட்டது. பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் பாதி எப்படியும் பொருந்தும். என் வீட்டில் தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பிள்ளைக்கு அப்பா கொடுப்பார், அம்மாவுக்கு மகன் கொடுப்பான். கொடுக்கிற அந்தச் செல்லை விதை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

சூயுன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றாள். பரிசோதித்தார்கள். அவள் ரத்தத்தில் பழைய மஞ்சள் காமாலைக் கிருமி ஒளிந்துகொண்டிருந்தது.

"உங்களது வேண்டாம்மா. அப்பா இருக்காரா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

அன்று அவள் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "பெத்தது நான். பால் குடுத்தது நான். ஒத்தையா நின்னு படிக்க வச்சது நான். என் ரத்தம் ஆகாதாம். ஓடிப்போனவன் ரத்தம் ஆகுமாம்!"

மிங்யான் அதைவிடப் பிடிவாதம். "அந்த ஆளோட எலும்புச்சாறு எனக்கு வேண்டாம்," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அப்பனா இருந்து உனக்கு அவன் எதையும் குடுக்கலடி," என்றாள் சூயுன். "இதையாவது வாங்கிக்க."

பதினோரு வருஷம் கழித்து சூயுனே அவனுக்குப் போன் செய்தாள். மூன்றே வாக்கியம் பேசினாள். இரண்டாம் நாள் அவன் வந்து நின்றான்.

அது மரப்பஞ்சு பறக்கிற மாதம். தெருவெல்லாம் வெள்ளைப் பஞ்சு உருண்டுகொண்டிருந்தது. தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, மெலிந்து, உச்சியில் முடி கொட்டிப் போய், வாசலில் நின்றவனைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. வில்லன் மாதிரி ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். சூயுன் வா என்று சொல்லவில்லை. கிண்ணம் நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்து மேஜையில் டங்கென்று வைத்தாள். அவன் உட்கார்ந்து கடைசிச் சொட்டுச் சாறுவரை குடித்தான். எதிர் அறையை அவனுக்குக் கொடுத்தேன்.

"அவன் பையைப் பாத்தீங்களா அக்கா?" என்று அப்புறம் என் காதில் கிசுகிசுத்தாள். "ரெண்டு சட்டைக்கு மேல இருக்காது அதுல. தங்க வந்தவன் பை இல்ல அது. திரும்பிப் போறவன் பை."

அன்றைக்கு அவளைப் பிடித்தது பயம். சுரங்க வேலையில் காது மந்தமாகிவிட்டதால் சாங்லின் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். பால்கனியில் நின்று அவன் பேசினால் ஆறு அறைக்கும் கேட்கும்.

"எலும்புச்சாறை உறிஞ்சி எடுத்தா ஆம்பளைக்கு இடுப்பு காலியாயிடும்னு எங்கப்பா சொல்றாரு," என்பாள் தைய்யுவான்காரி. "நம்ம பையனுக்கு ஆறு வயசு. நீ படுத்துட்டா அவனை யாரு பாப்பா? கேக்குதா?"

"ம்."

"என்ன ம்? கிளம்பி வர்றியா இல்லையா?"

"ம்."

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் புரியவில்லை, சூயுனுக்கும் புரியவில்லை. தைய்யுவான்காரி கெட்டவள் என்றும் என்னால் சொல்ல முடியாது. அவளுக்கும் பயம்தான்.

மிங்யானைக் கண்ணாடி அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் டாக்டரம்மா சாங்லினை உட்காரவைத்துப் பேசினாள். "நாளையிலேர்ந்து உங்க பொண்ணோட எலும்புக்குள்ள இருக்கறதை எல்லாம் மருந்தால அழிக்கப்போறோம். நல்லதும் போயிடும், கெட்டதும் போயிடும். அதுக்கப்புறம் நீங்க மாட்டேன்னு சொன்னா அவ பிழைக்க மாட்டா. இன்னிக்கு மாட்டேன்னு சொன்னா யாரும் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆரம்பிங்க," என்றான் அவன்.

அவ்வளவு தெளிவாகச் சொன்னான். சூயுன் பக்கத்திலேயே நின்று கேட்டாள். ஆனாலும் அவள் நம்பவில்லை. ஒரு தடவை எழுந்து போனவன்தானே? காலையில் கண் விழித்ததும் அவன் கதவருகே செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். அவன் இருமினால் இவளுக்கு முகம் வெளிறும். அவன் தெருவைக் கடந்தால் பின்னாலேயே ஓடி, பஸ்ஸைப் பார்த்து இவள் கையைக் காட்டி நிறுத்துவாள். பக்கத்து அறை ஷாண்டோங்காரர் ஒருநாள் மாவு பிசைந்து கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தபோது, "இந்த வீட்டுல யாரும் கொழுக்கட்டை பிடிக்கக் கூடாது!" என்று பாய்ந்துவிட்டாள். அந்த மனிதர் பாவம், ஒன்றும் புரியாமல் அந்த மாவை நூடுல்ஸாக வெட்டித் தின்றார்.

மிங்யானின் டப்பாக்கள் திரும்பிவந்துகொண்டிருந்தன. மருந்தின் வேகத்தில் வாயெல்லாம் புண். காலையில் கொடுத்தது மத்தியானம் அப்படியே வரும், மத்தியானம் கொடுத்தது சாயங்காலம் அப்படியே வரும். சூயுன் மூடியைத் திறந்து பார்ப்பாள், கழுவி வைப்பாள், மறுபடி குக்கரை ஏற்றுவாள்.

சாங்லினுக்கு விதை பெருக ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்றான். நர்ஸ் அவனையும் சூயுனையும் சேர்த்து நிற்கவைத்துச் சொன்னாள்: "எல்லாம் எடுத்து முடிக்கற வரைக்கும் எண்ணெய், கொழுப்பு, கறி சூப் எதுவும் கூடாது. சப்புன்னு சாப்பிடுங்க." நானும் வீட்டில் இன்னொரு தடவை சொன்னேன். சூயுன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

முதல் நாள் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே எடுத்தார்கள். மறுநாள் கையிலிருந்து, இயந்திரம் வைத்து எடுக்க வேண்டும். எதிர்ச் சந்துதானே, ராத்திரி வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சாங்லின் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அந்த முகத்தைச் சூயுன் பார்த்தாள். பால்கனியில் தைய்யுவான்காரியின் குரலும் கேட்டது: "உன் குரலே செத்துக் கிடக்கு. போதும். நாளைக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம், கிளம்பி வா!"

எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. உடம்பிலிருந்து ரத்தம் போனால் உடனே உள்ளே ஊற்றி நிரப்ப வேண்டும். பிரசவமானவளுக்கும் அதுதான், அடிபட்டவனுக்கும் அதுதான். கருங்கோழி, பன்றிக்கால், வேர்க்கடலை, காய்ந்த சிவப்பு இலந்தை எல்லாம் போட்டு, எலும்பு கரையக் கொதிக்கவிடுவார்கள். குடித்தால் ரத்தம் ஊறும் என்பார்கள். பெற்ற தாய் சொன்னதை நம்புவதா, இருபது வயது நர்ஸ் சொன்னதை நம்புவதா?

சூயுன் என் சமையலறைக்கு வரவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கரண்ட் அடுப்பில் அந்தச் சூப்பை வைத்திருக்கிறாள். கதவிடுக்கு வழியாக மணம் வந்தது. தட்டினேன்.

"என்னடி கொதிக்குது உள்ள?"

"எனக்குத்தான் அக்கா. ரெண்டு நாளா வயித்துல ஒண்ணும் இல்ல."

இப்போதாவது சாப்பிடத் தோன்றியதே என்று சந்தோஷப்பட்டுப் போனேன். அன்று ராத்திரி ஒரு கிண்ணம், காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் இரண்டு கிண்ணம் சாங்லினுக்குப் போயிருக்கிறது.

தனியாக உட்கார முடியாது, நீங்களும் வாங்க என்று சூயுன் கூப்பிட்டதால் நானும் போனேன். சாங்லின் சாய்வு நாற்காலியில், இரண்டு கையிலும் குழாயோடு. ஒரு கை ரத்தம் இயந்திரத்துக்குள் போய், விதை பிரிந்து, மிச்சம் மறு கைக்குத் திரும்பும். நாங்கள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் வந்து எதையோ அமுக்கினாள். மறுபடி கீச்சிட்டது. இன்னொரு நர்ஸ் ஓடிவந்தாள். மேலே தொங்கிய பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய நீர் பாலாக இருந்தது. வெறும் வெள்ளைப் பால்.

டாக்டரம்மா வந்தாள். கதவு திறந்தே இருந்தது, பேசியது எல்லாம் கேட்டது.

"என்ன சாப்பிட்டீங்க?"

சாங்லின் மேலே தொங்கிய பையைப் பார்த்தான்.

"ரத்தம் முழுக்கக் கொழுப்பு மிதக்குது. மிஷினுக்கு எது விதை, எது தண்ணின்னே தெரியல. பிரிக்க முடியாம திணறுது. என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறேன்!"

சூயுன் ஒரு அடி முன்னால் வைத்தாள். சாங்லின் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டரம்மா பக்கம் திரும்பினான்.

"தெருமுனையில ஆட்டுக்கறி வாட்டறான். ராத்திரி போய்த் தின்னேன். நாக்கு கேக்கல."

"உங்க பொண்ணு உள்ள வெறும் எலும்போட படுத்திருக்கா. உங்களுக்கு நாக்கு கேக்கலையா?"

"தப்புதான்," என்றான்.

அந்த அம்மாள் திட்டிய திட்டை நான் எழுத மாட்டேன். நர்ஸ்கள், பக்கத்து நாற்காலிக்காரர், அவர் மனைவி எல்லாரும் அவனை ஒரு பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். சூயுன் சுவரோடு சுவராக நின்றாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, ஐஸ் மாதிரி.

சாயங்காலம் கணக்கு வந்தது. எலும்பிலிருந்து எடுத்ததையும் கையிலிருந்து எடுத்ததையும் சேர்த்தாலும் தேவையில் பாதிகூடத் தேறவில்லை. "நாளைக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாக்கறோம்," என்றாள் டாக்டரம்மா. "நாளைக்கும் இதே கதைன்னா..." உள்ளே ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு சொட்டு ரத்தம் ஊற வழியில்லை. போட்ட விதை போதாவிட்டால் முளைக்காது. முளைக்காவிட்டால் சாவுதான்.

ஊர் திரும்ப சாங்லின் முன்பே எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட் அன்று சாயங்காலத்துக்கு. போன் இரண்டு தடவை அடித்தது. அவன் பையனுக்குக் காய்ச்சல் என்று தைய்யுவான்காரி அழுதாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை, உண்மையாகவே அழுதாள். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

சூயுன் அடுப்பு முன்னால் வந்து நின்றாள். இவ்வளவு வருஷம் கரண்டி பிடித்தவள், எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"என் கையே விஷம் அக்கா. அவனை இருத்தி வைக்கணும்னு என் பொண்ணுக்கு நானே குழி தோண்டிட்டேன்."

"புலம்பறதை அப்புறம் வச்சிக்க," என்று அதட்டினேன். "தினை இருக்கா?"

இருந்தது. அவர்கள் ஊர்த் தினை, மஞ்சளாக. கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். வெறும் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயைக்கூட எண்ணெய் போகக் கழுவி ஓரத்தில் வைத்து, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

சத்தம் இல்லை. கதவருகே செருப்பு இல்லை.

தள்ளினாள். கட்டில் காலி. போர்வை மடித்திருந்தது. பை இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. போனை எடுத்து அடித்தாள். அணைத்து வைத்திருந்தான். தூக்குப் பாத்திரத்தோடு படியிறங்கி ஓடினாள், நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் இல்லை. மெட்ரோ வாசலில் வேலை முடிந்து வருகிற கூட்டம். வழுக்கைத் தலை தெரிந்த இடத்திலெல்லாம் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காற்றில் பஞ்சு பறந்து கண்ணில் அடித்தது.

"போயிட்டான். போயிட்டான் அக்கா. நான் கொழுக்கட்டை குடுக்கலையே. குடுக்காமயே போயிட்டான்."

ஆஸ்பத்திரியில் சொல்லியாக வேண்டும், வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்டாக வேண்டும். அந்தத் தெருவை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அது நீண்டதில்லை. லிஃப்ட்டில் சூயுன் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தாள்: "டாக்டரம்மா, குடுக்கறவர் போயிட்டார். டாக்டரம்மா, அவர் போயிட்டார்..."

மாடியில் கதவைத் தள்ளினோம். நடைபாதை ஓரக் கட்டிலில், கோடு போட்ட ஆஸ்பத்திரி உடுப்பில், மடியில் அந்தச் சின்னப் பையை வைத்துக்கொண்டு சாங்லின் உட்கார்ந்திருந்தான்.

சூயுன் அப்படியே நின்றாள். அப்புறம் வெடித்தாள். "போனை ஏண்டா அணைச்ச? சொல்லிட்டு வரத் தெரியாதா உனக்கு? எப்பவும் இப்படித்தானா? எழுந்து எழுந்து போயிடுவியா?" பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். நர்ஸ் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவன் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னான். "போன் போட்டா ஊருக்கு வான்னு அழறா. கேட்டா மனசு மாறிடுமோன்னு அணைச்சேன். உன்கிட்ட சொன்னா நீ ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வருவ. நீ கொண்டுவந்து வச்சா என்னால வேண்டாம்னு சொல்ல முடியாது. அன்னிக்கும் முடியல, நேத்தும் முடியல. நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்துச்சு சூயுன். ஆனா நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தியே. அதான், யாரும் எதுவும் குடுக்க முடியாத இடமா இருக்கட்டும்னு ராத்திரிக்கு ஒரு கட்டில் கேட்டு இங்க வந்துட்டேன்."

சூயுன் தூக்குப் பாத்திரத்தைப் பின்னால் மறைத்தாள். நர்ஸ் கையை நீட்டி வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து, ஒரு ஸ்பூன் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"எண்ணெய்?"

"ஒரு சொட்டு இல்லம்மா. கஞ்சியில உப்புகூட இல்ல."

"குடிக்கலாம்."

அவன் குடித்தான். சூயுன் திரும்பி நின்றுகொண்டாள், பார்க்கவே இல்லை.

மறுநாள் பை தெளிவாக, தேன் நிறத்தில் தொங்கியது. இயந்திரம் ஒரு தடவைகூடக் கீச்சிடவில்லை. சாயங்காலம் கணக்கு போதுமான அளவுக்கு மேலேயே வந்தது. அந்த விதைப்பை மிங்யானின் உடம்புக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியதைச் சூயுன் வெளியே இருந்த டிவி திரையில் பார்த்தாள். சாங்லின் கிளம்புகிற அன்று என் சமையலறையில் அவள் கொழுக்கட்டை பிடித்தாள். இந்தத் தடவை அவன் இரண்டை மிச்சம் வைத்தான். வேண்டுமென்றுதான் வைத்தானா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் காத்திருப்பு. எனக்கு அதுதான் எப்போதும் பிடிக்காத காலம். மிங்யானின் வெள்ளணு தினமும் பூஜ்யம். காய்ச்சல் ஏறும், இறங்கும். டப்பாக்கள் அப்படியே திரும்பும். போதுமான அளவு போனதா, பால் மாதிரி வந்த அந்தப் பை ஏதாவது கெடுத்துவிட்டதா என்று சூயுன் என்னையே கேட்டு அரித்தாள். எனக்கென்ன தெரியும்? டாக்டரம்மாவுக்கே தெரியாது. பிறகு ஒரு காலை கொஞ்சம் வெள்ளணு தெரிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். "வேர் பிடிச்சிருச்சு," என்றாள் டாக்டரம்மா. வேர் பிடித்தால் எல்லாம் தீர்ந்தது என்று இல்லை. நோய் திரும்பலாம், வந்த செல் அவள் உடம்பையே கடிக்கலாம். அதெல்லாம் அப்புறம். அன்று நாங்கள் இருவரும் நடைபாதையில் கட்டிக்கொண்டு அழுதோம்.

அன்று மத்தியானம் கண்ணாடி ஜன்னலுக்குப் போனோம். உள்ளே மிங்யான், மொட்டைத் தலையும் புண் உதடுமாக. இரண்டு பக்கமும் பேசுகிற கருவி உண்டு. பக்கத்தில் நின்றால் எனக்கும் கேட்கும்.

"நர்சுங்க பேசிக்கிட்டாங்கம்மா," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "எடுக்கறதுக்கு முந்தின ராத்திரி அந்த ஆளு ஆட்டுக்கறி தின்னுட்டு வந்தாராமே. நான் செத்தாலும் பரவால்ல, அவருக்கு நாக்குதான் முக்கியம். நீ சொன்னது சரிதாம்மா. அவர் மாறவே மாட்டார்."

நீ சொன்னது சரிதாம்மா. இந்த வார்த்தைக்குத்தானே ஒரு தாய் இத்தனை வருஷம் காத்திருந்தாள்? ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லாமல் இருந்தாலே போதும். மகள் முழுக்க முழுக்க அவளுக்கே. சூயுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன், என் வேலை அது இல்லை.

"ஆட்டுக்கறி இல்ல," என்றாள் சூயுன். "கருங்கோழி. பன்னிக்கால். நான்தான் வச்சுக் குடுத்தேன். வேண்டாம்னு நர்ஸ் சொல்லியும் குடுத்தேன். அவர் உனக்காக வெறும் தினைக் கஞ்சி குடிச்சிட்டு ஒரு ராத்திரி முழுக்க நடைபாதையில படுத்துக் கிடந்தாரு."

மிங்யான் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னார்?"

"என்னைக் காட்டிக்குடுக்கல."

"நீ ஏம்மா வச்ச?"

"பயம்டி. எழுந்து போயிடுவாரோன்னு. ஒருத்தரை இருத்தி வைக்க எனக்கு வேற என்ன தெரியும்?"

மிங்யான் கருவியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து திரையை இழுத்தாள். வழியெல்லாம் சூயுன், "அன்னிக்கு அவன் போனான், இப்ப பொண்ணும் போயிட்டா அக்கா," என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாவை எடுத்துக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். யாருக்கு, எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் அவள் போன் அடித்தது. கையெல்லாம் மாவு. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். சாங்லின்.

"என்ன? இடுப்பு வலிக்குதா?" என்று பதறினாள்.

"இல்ல. மிங்யான் போன் பண்ணா."

சூயுனின் கை மாவுக்குள்ளேயே நின்றது. "திட்டினாளா?"

"இல்ல." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டா."

எல்லா வீட்டிலும் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். நான் அடுப்பை அணைத்துவிட்டேன், குக்கர் சீறலில் எதுவும் தவறிவிடக் கூடாது என்று.

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தேன். வாய் நிறைய சோறு. முழுங்கவும் முடியல, பேசவும் முடியல. அவளே வச்சிட்டா."

"அட முட்டாளே!" என்று சூயுன் கத்தினாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து மாவில் சொட்டியது. "அவ காத்துக்கிட்டு இருப்பாளே! உடனே திருப்பிப் போன் பண்ணு. சாப்பிட்டேன்னு சொல்லு."

"என்ன சாப்பிட்டேன்னு கேட்டா?"

சூயுன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தினைக் கஞ்சின்னு சொல்லு."